பணி முடித்தவர்களின் ஊர்

பிப்ரவரி 2

மெரிதா, ஸ்பெயின். வெயில் அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. காட்பாடிக்காரன் இதை வெயிலில் சேர்க்க மாட்டான்.

நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். மாத்ரித்தில் இறங்கி, அட்ரஸ் சீட்டை நாலு பேரிடம் நீட்டி, பஸ் பிடித்து, வீட்டையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். மகள் யசோதா கதவைத் திறந்தாள். ஏழு மாத வயிறு. என்னைப் பார்த்தவள், எனக்குப் பின்னால் இன்னும் யாரோ நிற்கிற மாதிரி எட்டிப் பார்த்தாள்.

"நைனா? ஏப்ரல் பன்னெண்டுதானே டிக்கெட்டு? இன்னா ஆச்சி?"

"மாத்திட்டேன். சொல்லாம வந்து நிக்கலாம்னு பாத்தேன்."

கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எண்ண எண்ண முகம் மாறியது.

தப்பு என்னுடையதுதான். விசாவில் ஜூலை 24 வரை என்று தேதி போட்டிருந்தது. பட்டாளத்தில் லீவு சீட்டைப் படிக்கிற மாதிரி, இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை என்று படித்துக்கொண்டேன். அதற்குக் கீழே தொண்ணூறு நாள் என்று சின்னதாக ஒரு எண் இருந்ததாம். அந்தத் தேதிகளுக்குள் எப்போது வந்தாலும் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். வந்த நாளும் சேர்த்தி, போகிற நாளும் சேர்த்தி. பட்டாளத்தில் கூட பயண நாளைத் தனியாகக் கொடுப்பார்கள்.

"மே ஒண்ணாந்தேதி கெளம்பியாவணும் நைனா. கொழந்த பொறக்கறது ஏப்ரல் இருபத்திநாலு. ரெண்டர மாசம் வச்சிக் கொஞ்சுவீங்கன்னு கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்தேன். இப்போ ஒரு வாரம்தான்."

பட்டாளத்தில் ஐந்து நிமிஷம் முன்னால் நிற்கிறவன்தான் நேரத்துக்கு வந்தவன். நான் எழுபது நாள் முன்னால் வந்து நின்றுவிட்டேன்.

அவள் பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. லீவு கிடைக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவையாவது முன்கூட்டியே போய் நிற்போம் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 3

பெட்டியைப் பிரித்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, அரிசித் திப்பிலி, பூண்டு, வெல்லம், நல்லெண்ணெய், கண்ணாடி வளையல் நான்கு டஜன். ஒரு வளையல்கூட உடையவில்லை. பிரசவம் பார்க்க வந்திருக்கிறேன், சும்மா இல்லை. யசோதாவின் அம்மா கோமளா இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அவள் போய் நான்கு வருஷம். பக்கத்து வீட்டுப் பெண்கள், "ஆம்பள போயி இன்னா பிரசவம் பாப்பே?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களிடமேதான் பிரசவ மருந்து கிளறுகிற பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 9

ஞாயிறு. மாப்பிள்ளை ஹூலியான் என்னை ரோமானியர் கட்டிய பாலத்துக்கு அழைத்துப் போனார். இரண்டாயிரம் வருஷப் பாலம், இன்னும் ஆட்கள் நடக்கிறார்கள். வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன், பாதியில் விட்டுப்போயிற்று.

ஹூலியான் பள்ளிக்கூடத்தில் லத்தீன் வாத்தியார். நல்ல மனுஷன். கொஞ்சம் வழுக்கை, நிறைய பேச்சு. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது உடைந்த இங்கிலீஷ். உடைந்த இரண்டையும் ஒட்டினால் ஒரு முழு வாக்கியம் தேறும். மற்றபடி அவருக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியும்: மாமா, சாப்பாடு, போதும். மூன்றாவதை அவர் உபயோகித்து நான் பார்த்ததில்லை.

பாலத்து நடுவில் நின்று, "மாமா, இந்த ஊர்ப் பெயருக்கு அர்த்தம் தெரியுமா?" என்றார். தெரியாது என்றால் விடுகிற ஆள் இல்லை, தெரியும் என்றாலும் விடமாட்டார்.

அகஸ்டஸ் சக்கரவர்த்தி, சண்டை முடிந்த தன் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடிவைத்த ஊராம் இது. எமெரித்தா அகுஸ்தா என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் எமெரித்துஸ் என்றால், பணிக்காலத்தை முழுக்க முடித்து, தன் ஓய்வைத் தானே சம்பாதித்துக்கொண்ட சிப்பாய். பிற்பாடு வந்த அரபுக்காரர்கள் வாயில் அது மாரிதா ஆயிற்று, அப்புறம் மெரிதா. ராஜா பெயர் போய்விட்டது, சிப்பாய் பெயர் நின்றுவிட்டது. நம் ஊரில் மெரிட்டில் சீட் கிடைத்தது என்கிறோமே, அந்த மெரிட்டுக்கும் இதே வேர்தானாம்.

"ஆக, இது பென்ஷன்காரர் ஊர்" என்றேன்.

"உங்கள் ஊர்தான்! நீங்கள்தான் எமெரித்துஸ்" என்று முதுகில் தட்டினார். வேலூருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வேலமரம் இருந்த ஊர் என்பார்கள், நான் பார்த்தது வெயிலைத்தான் என்றேன்.

ரோமச் சிப்பாய்களுக்குச் சர்வீஸில் இருக்கும்வரை சட்டப்படி கல்யாணம் கிடையாது என்று ஒரு காலம் இருந்ததாம். முடித்து வந்த பிறகுதான் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம். எங்களுக்கு அப்படித் தடை இல்லை. கல்யாணம் செய்துகொள்ளலாம், வீட்டில் இருக்கத்தான் முடியாது. கோமளாவோடு நான் இருந்த நாட்களை லீவு சீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

முழுக்க முடித்தவன் என்று அவர் சொன்னபோது சரி என்றுதான் தலையாட்டினேன். இருபத்துநாலு வருஷம். ஹவில்தாராக வெளியே வந்தேன். ஒரு நாள்கூட ஓவர்ஸ்டே கிடையாது. லீவு முடிந்து ஒரு நாள் பிந்தினாலும் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள். ரெட் இங்க் என்ட்ரி என்போம். இந்த ஏகாம்பரத்தின் புத்தகம் முழுக்க நீல மைதான்.

பிப்ரவரி 16

ஹூலியானின் அம்மா எங்கார்னா வந்தார். பக்கத்துத் தெரு. அவரும் துணையை இழந்தவர். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும், எனக்கு அதைத் தவிர எல்லாம். என் தோளைத் தொட்டு "கொன்சுவேக்ரோ" என்றார். யசோதாவிடம் கேட்டேன். சம்பந்தி என்று அர்த்தமாம். இங்கிலீஷ்காரனிடம் இல்லாத சொல் இவர்களிடம் இருக்கிறது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது.

சம்பந்தி பூண்டு போட்டு ரொட்டி வதக்கினார். நான் மிளகு ரசம் வைத்தேன். இரண்டு பேரும் அடுத்தவர் சட்டியில் உப்பு பார்த்தோம். சண்டை இல்லை. இன்னும்.

பிப்ரவரி 23

டிவியில் கால்பந்து. ஹூலியானும் சம்பந்தியும் கத்துகிற கத்தலில் ஜன்னல் அதிர்கிறது. என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் கால்பந்து பிடிக்காது என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

"நைனாவுக்குப் பந்துன்னாலே ஆவாது" என்று யசோதா அவர்களிடம் சொல்வது கேட்டது. சின்ன வயதில் அவள் பந்து கேட்டபோதுகூட நான் கேரம் போர்டுதான் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 4

மழை. துணி காயவில்லை. யசோதாவுக்குக் கால் வீக்கம், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 15

ஆற்றங்கரைப் புல்வெளியில் சின்னப் பெண்கள் பந்து ஆடினார்கள். சும்மா நின்று பார்த்தேன். நாலாம் நம்பர் போட்ட பெண்ணுக்கு இடது கால் நன்றாக வருகிறது. ஆனால் பாஸ் கொடுத்த பிறகு நின்றுவிடுகிறாள். பாஸ் கொடுத்ததும் காலி இடத்துக்கு ஓட வேண்டும், நின்றால் போச்சு. அவள் கோச்சும் சொல்லவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன், வீட்டில் தேடியிருக்கிறார்கள்.

யசோதா எங்கே போனீர்கள் என்று கேட்டாள். பாலம் வரைக்கும் என்றேன்.

மார்ச் 29

வளைகாப்பு. நாள் நட்சத்திரம் பார்க்க ஆளில்லை, சனிக்கிழமை ஹூலியானுக்கு லீவு என்பதால் சனிக்கிழமை.

யார் வளையல் போடுவது என்று பிரச்சினை வந்தது. சுமங்கலிகள்தான் போட வேண்டும். இங்கே இருப்பது நானும் சம்பந்தியும். எங்கள் ஊராக இருந்தால் எங்கள் இரண்டு பேரையும் பந்தலுக்கு வெளியே உட்கார வைத்திருப்பார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வளையலை எடுத்து, கையில் சோப்பு தடவி, ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்துவிட்டார். ஒன்றுகூட உடையவில்லை. இதற்குமேல் என்ன சகுனம் வேண்டும்?

கடைசி இரண்டு வளையலை என் கையில் கொடுத்தார். நான் போட்டேன். யசோதா கையை ஆட்டி, வயிற்றுக்குப் பக்கத்தில் சத்தம் காட்டினாள். அவளுக்கு வளைகாப்பு செய்து பார்க்க கோமளாவுக்கு எவ்வளவு ஆசை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 12

முதலில் போட்ட டிக்கெட்டுக்கு நான் இன்றைக்குத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். எழுபத்தோராவது நாள்.

ஏப்ரல் 24

சொன்ன தேதி. ஒன்றும் இல்லை. பை தயாராகக் கதவருகே இருக்கிறது. இன்னும் ஏழு நாள்.

ஏப்ரல் 26

மருத்துவச்சி பார்த்துவிட்டு, குழந்தை உள்ளே சுகமாக இருக்கிறது, அவசரப்பட வேண்டாம் என்றாராம். அவருக்கு என்ன, விசா வேண்டியதில்லை.

விசாவை நீட்டிக்க முடியுமா என்று ஹூலியான் விசாரித்தார். பிரசவம் பார்க்க வந்த அப்பா என்பதெல்லாம் காரணத்தில் வராதாம். "நாலைந்து நாள் கூட இருந்தால் என்ன மாமா? குழந்தையைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். அப்படி இருந்தால் ஏர்போர்ட்டில் பதிவாகும், அடுத்த தடவை விசா கிடைக்குமா என்பது சந்தேகம். அதையும் அவரே சொன்னார்.

"அதெல்லாம் சரிப்படாது. தேதின்னா தேதி" என்றேன்.

யசோதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நான் பொறக்கும்போதும் உங்களுக்கு லீவு குடுக்கல. என் கொழந்த பொறக்கும்போதும் குடுக்கல. உங்க தலையெழுத்தே இதான் நைனா."

பாவம், எனக்காகத்தான் வருத்தப்பட்டாள்.

ஏப்ரல் 27

எழுதியே ஆக வேண்டும். காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன், அதனால் இனி இங்கே மறைத்து என்ன பயன்?

லீவு கிடைத்தது. முப்பது நாள், கையெழுத்தோடு. பரேலியில் பட்டாளத்து கமாண்ட் கால்பந்து இறுதி ஆட்டம் இருந்தது. நான் யூனிட் அணியில் நடுவில் ஆடுகிற ஹாஃப் பேக். என்னை யாரும் தடுக்கவில்லை. நானே போய், லீவைத் தள்ளிப் போடுங்கள் சார் என்று கேட்டேன். வீட்டுக்கு "லீவு கிடைக்கவில்லை" என்று தந்தி அடித்தேன். ஒரு வாரத்தில் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு லீவு கேட்க வாய் வரவில்லை. ஒரு மாதம் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று.

கோமளாவுக்கு இரண்டு நாள் வலி. ரயில் வருகிற நேரத்துக்கெல்லாம் வாசலைப் பார்த்தாளாம். தந்தி வந்த பிறகும் பார்த்தாளாம்.

யசோதா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"முப்பது வருசம் அவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாங்க. 'பாவம், அவரு இன்னா பண்ணுவாரு, அவனுங்க லீவு குடுக்கல'ன்னு. செத்தவங்ககிட்ட போயி இப்போ யாரு சொல்றது?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 28

பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது.

ஏப்ரல் 29

நான் போன பிறகு யார் மருந்து கிளறுவது என்று ஹூலியானுக்குக் கற்றுக்கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் பாதிக்கு அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சைத் தாளும் சிவப்புப் பேனாவும், மீதியில் என் சுக்கும் திப்பிலியும். வெல்லப்பாகு பதம் வந்ததும் அடுப்பைக் குறைக்க வேண்டும், விட்டால் கல்லாகிவிடும். ஒரு தடவை கல்லாக்கினார். இரண்டாவது தடவை பதம் வந்தது. வாத்தியார் என்பதால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சம்பந்தி வந்து எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "எமெரித்தோ!" என்று எனக்கு சல்யூட் அடித்தார். பாலத்துக் கதையை ஹூலியான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். மருந்துக் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் முழுக்க முடித்தவன் இல்லை" என்றேன்.

"இருபத்துநாலு வருஷம் என்றீர்களே?"

"அது பட்டாளத்தில்."

அவர் மேலே கேட்கவில்லை. யசோதா சொல்லியிருப்பாள்.

ஏப்ரல் 30

எண்பத்தொன்பதாவது நாள். பெட்டி கட்டினேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு பஸ், சாயங்காலம் ஆறு மணிக்கு விமானம்.

யசோதா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஜெயிச்சீங்களா?"

எதைக் கேட்கிறாள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஜெயிச்சோம். ரெண்டுக்கு ஒண்ணு."

"நீங்க கோல் போட்டீங்களா?"

"ரெண்டாவது கோலுக்கு பாஸ் குடுத்தேன்."

"நல்ல பாஸா?"

"நல்ல பாஸு."

"அதுக்கா வரல?"

"அதுக்குத்தான்."

வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு என் பனியன்களை எடுத்து, நான் மடித்தது சரியில்லை என்று திரும்ப மடித்து வைத்தாள். கோபம் தீர்ந்ததா என்று கேட்கத் தைரியம் இல்லை. பந்து பிடிக்காது என்று ஏன் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றும் அவள் கேட்கவில்லை.

மே 2

இந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். பேனா ஹூலியானுடையது.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஷூ போட்டு, கயிறு கட்டி, தயாராக உட்கார்ந்திருந்தேன். ஹூலியான் காரை எடுத்துவரக் கீழே போயிருந்தார். யசோதா சமையலறையில் எனக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருந்தாள். மாத்ரித்தில் எங்கே இறங்க வேண்டும், எந்த வாசல் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்தினாள். மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளையல் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. ஊறுகா வைக்கட்டா?"

மறுபடி பேச்சு நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஏழு நிமிஷம்.

"எப்போலருந்து வலிக்குது?"

"விடிகாலலருந்து. அதெல்லாம் நேரமாவும் நைனா. மொதப் பிரசவம், சாயங்காலம் ஆவும், நாளைக்குக்கூட ஆவும். நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "தேதின்னா தேதி. நீங்கதானே சொன்னீங்க."

அவள் வாயிலிருந்து இரு என்று வராது. கோமளாவும் இரு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தேன். இடது காலில் முடிச்சு விழுந்து கொஞ்சம் நேரமாயிற்று.

"இன்னா நைனா பண்றீங்க?"

"ஷூவக் கழட்றேன்."

"அப்புறம் விசா தரமாட்டாங்க. இனிமே வரவே முடியாது உங்களால."

"தராங்காட்டி போவட்டும். நீ அங்க வா. இவள... இவன... யாரா இருந்தாலும் தூக்கிக்கினு வா."

அவள் அழுதாள். வலியில் என்று சொன்னாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவருகே இருந்த பையைத் தூக்கினேன். கீழே ஹூலியான் என் பெட்டிக்காக டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யசோதாவைப் பார்த்ததும் டிக்கியை மூட மறந்து, வண்டியை எடுத்துவிட்டார். பாதி வழியில் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் உள்ளே அனுமதி. மாப்பிள்ளை போனார். நானும் சம்பந்தியும் வெளியே நாற்காலியில். தயிர்சாதத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். அந்த அம்மாவுக்கு ஊறுகாய் பிடித்திருக்கிறது. மத்தியானம் வந்தது, போயிற்று. ஐந்தரைக்கு ஒரு தடவை யசோதாவின் குரல் கேட்டது. பெண் பிள்ளை கத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது என்னவென்று அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். கோமளாவிடம் மனசுக்குள் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாஸ் கொடுத்தது வரைக்கும்.

ஆறு மணிக்கு மாத்ரித்தில் என் விமானம் கிளம்பியிருக்கும். ஆறு பத்துக்கு ஹூலியான் வெளியே வந்து, "மாமா" என்றார். அதற்குமேல் எந்த மொழியும் வரவில்லை அவருக்கு.

பெண். மூன்று கிலோ இருநூறு கிராம். தலை நிறைய முடி. பிறந்து ஐம்பது நிமிஷத்தில் என் கைக்கு வந்தாள். இவள் அம்மா என் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அப்போது என் மீசையைப் பார்த்து பயந்து அழுதாள். இவள் அழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சரி என்கிற மாதிரி மூடிக்கொண்டாள்.

நர்ஸ் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தி, "அபுவேலோ. எமெரித்தோ" என்றார். தாத்தாவாம், பணி முடித்தவராம். நான் திருத்தவில்லை.

யசோதா தலையணையில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைத்துப்போயிருந்தாள், ஆனாலும் குறும்பு போகவில்லை.

"இந்தத் தடவ லீவு குடுத்தாங்களா நைனா?"

"குடுக்கல."

"அப்புறம்?"

"நானே எடுத்துக்கினேன்."

கையை நீட்டினாள். குழந்தையைக் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுக்கப் போனேன். என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

டிக்கெட் நாலாம் தேதிக்கு மாற்றியாயிற்று. ஏர்போர்ட்டில் என்ன சொல்வார்களோ, சொல்லட்டும்.

ஹவில்தார் ஏகாம்பரம். குற்றம்: லீவு முடிந்தும் திரும்பாதது. இன்றோடு ஒரு நாள், இன்னும் இரண்டு நாள் பாக்கி. தன் தரப்பில் சொல்ல ஏதாவது உண்டா? இல்லை. குழந்தை எழுந்துவிட்டாள், போகிறேன்.